ஊத்தங்கரைப் புள்ளி

தருமபுரி, 2 டிசம்பர் 2025

ஃபெஞ்சல் புயல் மழைக்கு இன்றோடு ஓராண்டு. 2024 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33. இங்கே ஆண்டு முழுக்கப் பெய்வதே 85 சென்டிமீட்டரை ஒட்டித்தான். (ஊத்தங்கரையும் 2004 வரை தருமபுரி மாவட்டம்தான்.) ஏரிக்கு வரும் வெள்ளத்தைக் கணிக்க, மழையைக் கணினியில் ஆயிரம் முறை பெய்யவிட்டுப் பார்க்கும் சிமுலேஷனிலும் இப்படி ஒரு புள்ளி வரும். 999 புள்ளிகள் அடியில் ஒட்டிக்கிடக்க, அது மட்டும் உச்சியில் நிற்கும். கிராஃப் கெடுகிறதென்று அதை எடுத்துவிடுவது தவறு. ஏரியின் உபரிநீர் வழியும் கலிங்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று சொல்லப்போவதே அந்தப் புள்ளிதான்.

அது பிழையாக இருந்தால் என்ன செய்வது? நியாயமான கேள்விதான். ஊத்தங்கரையின் 50-ஐ நம்பவைப்பது அரூரின் 33. அன்று சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டதும் இன்னொரு சாட்சி. சிமுலேஷனுக்கு இப்படி அக்கம்பக்கத்துச் சாட்சி இல்லை. ஆனால் தற்செயல் எண்களை உருவாக்கிய அதே தொடக்க எண்ணைக் கொடுத்து அந்த ஓட்டத்தை மட்டும் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். அதே மழையை வைத்துக்கொண்டு, கணக்கிடும் கால இடைவெளியைப் பாதியாக்கியதும் வெள்ளத்தின் உச்சம் மறைந்தால் கோளாறு கணக்கில் இருக்கிறது. அதை நீக்கலாம், எத்தனை நீக்கினோம் என்பதைப் படத்தின் அடியில் எழுதியாக வேண்டும். மறையாவிட்டால் அந்தப் புள்ளியில் கைவைக்க நமக்கு உரிமையில்லை. புள்ளியியலாளர் ஜான் டூக்கியின் பெட்டிப் படத்தைக் காட்டி, பெட்டியின் விளிம்பிலிருந்து கால்மான இடைவெளியின் ஒன்றரை மடங்கைத் தாண்டியதை வெட்டலாம் என்பார்கள். அந்த எல்லை, உற்றுப் பார்க்கச் சொல்வதற்காக வைத்தது. மழை அளவுகளுக்கு ஒரு பக்கம் வால் நீளம். நல்ல புள்ளிகளே நிறைய எல்லைக்கு வெளியே விழும்.

4 டிசம்பர்

ஒரு புள்ளிக்காக மற்றதெல்லாம் நசுங்கினால் படிப்பவருக்கு என்ன தெரியும் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. சராசரியை மட்டும் காட்டுவது அதற்குத் தீர்வாகாது. 100 ஓட்டங்களில் 99 தலா 4 சென்டிமீட்டரும் ஒன்று 50-ம் தந்தால் சராசரி 4.46. அப்படி ஒரு மழை எந்த ஓட்டத்திலும் பெய்யவேயில்லை. இடைநிலையோ 4-லேயே நிற்கும். 50 இருந்த தடமே தெரியாது. மடக்கை அளவுகோல் உதவும், ஆனால் மழையில்லாத நாளின் 0-வை அதில் குறிக்க முடியாது; பழக்கமில்லாத கண்ணுக்கு 5-க்கும் 50-க்கும் உள்ள தூரமும் சிறுத்துவிடும். எனவே இரண்டு படம் போடுவதே மேல். ஒன்றில் முழு அச்சு, எல்லாப் புள்ளிகளும். அதன் கீழே, அடிப்பகுதியை மட்டும் பெரிதாக்கிய படம். எத்தனை புள்ளிகள் அதற்கு வெளியே என்ற எண்ணிக்கையோடு. மேல் படத்தில் 50-க்கு நேராக ஒரு கோடு இழுத்து, ‘ஊத்தங்கரை, 2024’ என்று எழுதலாம். அன்று சாலையோரம் நின்ற வேன்களை ஏரித் தண்ணீர் புரட்டிக்கொண்டுபோனதைப் பார்த்த ஊருக்கு அந்தக் கோட்டை விளக்க வேண்டியிருக்காது.