பலகையில் கொசுறு இல்லை

சென்னையிலிருந்து கோவைக்குப் போக மதுரை வழியே இல்லை. வரைபடம் பார்த்த யாருக்கும் இது தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்குக் கிளம்புகிற வருடமெல்லாம் பாண்டியன் எக்ஸ்பிரஸில்தான் டிக்கெட் எடுக்கச் சொல்வாள். ஏன் என்றால், மீனாட்சியைப் பார்க்கணும் என்பாள். பொய்யில்லை. ஆனால் மீனாட்சிக்கு முன்னால் அண்ணாநகர் உழவர் சந்தைக்குப் போய் மொச்சைக்காய் வாங்கியாக வேண்டும்.

"சென்னையில மொச்சை கெடைக்காதாம்மா?"

"கெடைக்கும். உரிச்சு பாக்கெட்டுல போட்டு வச்சிருப்பான். எப்ப உரிச்சதுன்னு அவனுக்கே தெரியாது."

விடிவதற்கு முன்பே வண்டி மதுரைக்கு வந்துவிட்டது. மார்கழியின் கடைசி வாரம். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர்கள் காதை மூடித் துண்டு கட்டியிருந்தார்கள். மதுரைக் குளிர் என்பது இருபது டிகிரியை ஒட்டி நிற்கிற குளிர். மலைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். வருடத்தில் பத்து மாதம் வெந்துகொண்டிருக்கிற ஊருக்கு அதுவே அதிகம். ஆளுக்கொரு டீயைக் குடித்துவிட்டு, வயர்கூடையும் இரண்டு மஞ்சப்பையுமாக ஆட்டோ ஏறினோம். 2021 டிசம்பரில் அரசாங்கம் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது அம்மாவுக்கு அந்தப் பெயரே விளங்கவில்லை. "எங்க போச்சு, மீண்டும் வர்றதுக்கு?" என்று கேட்டாள்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இந்த அண்ணாநகர் சந்தைதான். கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, 1999 நவம்பர் 14 அன்று திறந்தார்கள். யோசனை புதிதல்ல. பஞ்சாபில் 1987இலேயே 'அப்னி மண்டி' வந்துவிட்டது. ஆந்திரத்தில் அதே 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' தொடங்கியிருந்தது. தரகர் கிடையாது, கமிஷன் கிடையாது, கடைக்கு வாடகை கிடையாது, தராசும் சந்தையே தரும். ஆனால் விளைவித்தவரே விற்க வேண்டும். நிலத்தையும் பயிரையும் பார்த்து அதிகாரிகள் கொடுத்த, படம் ஒட்டிய அட்டை இருந்தால்தான் உள்ளே இடம். விலையை அன்றன்று காலையில் சந்தை அலுவலர்கள் முடிவு செய்வார்கள், மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, வெளிக்கடை விலைக்குக் கொஞ்சம் கீழே. அதைப் பலகையில் எழுதிப் போட்டுவிடுவார்கள்.

அந்தப் பலகை அம்மாவுக்கு ஜென்ம விரோதி. ஐம்பது வருடமாகப் பேரம் பேசியே குடும்பம் நடத்தியவள். "வெலைய எழுதி மாட்டிட்டா அப்புறம் வாய் எதுக்கு?" என்பாள். வந்த புதிதில் பலகைக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டு ஒரு விவசாயி சிரித்துவிட்டாராம். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. பிறகுதான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். அரசாங்கம் விலையைத்தான் எழுதியிருக்கிறது, கொசுறைப் பற்றிப் பலகையில் ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு அந்தப் பலகை பிடிக்கும். மேலிருந்து கீழே படித்தால் பஞ்சாங்கம் படித்த மாதிரி இருக்கும். முருங்கைக்காய் மூன்று இலக்கத்தில் நின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ உதிர்ந்துபோகும், பனி விழுந்தால் காய்ப்பும் சுருங்கிப்போகும். மார்கழியில் முருங்கை சாம்பார் கேட்கிறவனை அம்மா விவரம் கெட்டவன் என்றுதான் சொல்வாள். தக்காளியும் மழை தின்றது போக மிச்சம்தான். பலகையின் அடியில், குறைந்த விலையில், அவரையும் மொச்சையும்.

மொச்சையின் கதை விசித்திரமானது. ஆடியில் விதைத்த கொடி புரட்டாசி வரைக்கும் இலையாகவே ஓடிக்கொண்டிருக்கும். உரம் போட்டுப் பார்த்தாலும், தண்ணீர் காட்டிப் பார்த்தாலும் பூக்காது. பகல் சுருங்கி இரவு நீள வேண்டும், அதைக் கொடி உணர்ந்தால்தான் பூ எடுக்கும். நாட்டு அவரையும் அப்படியே. பகல் நீளத்தைச் சட்டை செய்யாத செடி அவரை ரகங்கள் வந்து, இப்போது சித்திரையிலும் அவரைக்காய் கிடைக்கிறது. கிடைக்கிறது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

அம்மா நேராக ஒரு கிழவியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். சாக்கின் மேல் மொச்சைக்காய் குவிந்து கிடந்தது, பனி ஈரம் இன்னும் காயவில்லை. அம்மா ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டினாள். இன்னொன்றை விரலால் நசுக்கிப் பார்த்தாள். மொச்சைக்காய்க்கு ஒரு மணம் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கும் பச்சை வாடையுமாக விரலில் ஒட்டிக்கொண்டு, சோப்பு போட்டுக் கழுவினாலும் சாயங்காலம் வரை போகாது. அந்த மணம் இல்லாவிட்டால் காய் பழசு.

"என்ன ஆத்தா, காய் முத்திப்போச்சே?"

"முத்துனாத்தான் தாயி மொச்சை. பிஞ்சு வேணும்னா அந்தா அவரைக்காய் இருக்கு, அங்க போ."

அம்மாவுக்குப் பதில் பிடித்துவிட்டது. மூன்று கிலோ நிறுக்கச் சொன்னாள். ஒரு கிலோ கத்தரிக்காயோடு குழம்புக்கு. மற்றது பிதுக்குப் பருப்புக்கு. உரித்த பருப்பை இரவெல்லாம் ஊறவைத்து, விரலிடுக்கில் வைத்து ஒரு பிதுக்கு, தோல் கையில் நிற்கும், பருப்பு பாத்திரத்தில் விழும். மிக்சி செய்யாது, குக்கர் செய்யாது. வீட்டில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஊர்வம்பு பேசினால்தான் அந்த வேலை முடியும்.

காசு கொடுத்தாயிற்று. அம்மா கூடையைத் தூக்கவில்லை. கிழவியின் முகத்தையும் பார்க்கவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். அரை நிமிடம் போனது. கிழவி ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கூடையில் போட்டார். அம்மா அசையவில்லை. இரண்டு பச்சைமிளகாய் விழுந்தது. கூடை எழுந்தது. அரசாங்கம் ஒழித்த பேரத்தை ஒரு வார்த்தை பேசாமல் அம்மா இப்படித்தான் நடத்திவருகிறாள்.

சந்தை வாசலுக்கு வெளியே வேறொரு சந்தை. மேலூர்ப் பக்கத்துச் செங்கரும்பு சுவரில் சாய்ந்து நின்றது. தரையில் மஞ்சள் கொத்தும் பனங்கிழங்கும். வெளியே இருக்கிறவர்களிடம் அட்டை இல்லை. நிலம் இருந்தால் பயிர், பயிர் இருந்தால் அட்டை. நிலமே இல்லாமல், பனங்கொட்டை பொறுக்கிக் கிழங்கு போடுகிறவருக்கு யார் என்ன எழுதிக் கொடுப்பது? உழவர் சந்தையைப் பற்றி யார் உயர்வாகப் பேசினாலும் எனக்கு அந்த வாசல்படி உறுத்தும். பனங்கிழங்கு விற்றவர் ஒரு முழு வருடத்து வேலையைத்தான் அங்கே கட்டுக்கட்டாக வைத்திருந்தார். நுங்குக்கு வெட்டாமல் விட்ட காய் பழுத்து விழ வேண்டும். கொட்டையைப் பொறுக்கி மணல் பாத்தியில் புதைக்க வேண்டும். அது மேலே முளைப்பதற்கு முன்னால் கீழே இறங்கும். மார்கழியில் தோண்டினால் மாவு பிடித்த கிழங்கு. தை தாண்டினால் நார்தான் மிஞ்சும். அம்மா இரண்டு கட்டு வாங்கினாள். அவரிடம் பலகை இல்லை, பேரம் பேசியிருக்கலாம். பேசவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

மீனாட்சியைப் பார்த்தோம். கூடைகளை வைக்க இடம் தேடியதில்தான் அதிக நேரம் போனது. மல்லிகை வாங்கவில்லை. பனிக்காலத்தில் மொக்கு பிடிப்பதில்லை, விலை கிலோ ஆயிரங்களில் ஓடும். கனகாம்பரத்தோடு அம்மா திருப்திப்பட்டுக்கொண்டாள்.

ஆரப்பாளையத்தில் கோவை பஸ் ஏறும்போது, நடத்துநர் கூடைகளைப் பார்த்துச் சுமைக்கு டிக்கெட் கேட்டார். உழவர் சந்தைக்குக் காய் கொண்டுவருகிற விவசாயிகளுக்கு அரசுப் பேருந்தில் சுமைக் கட்டணம் கிடையாது என்று அம்மா எங்கோ படித்திருக்கிறாள். "கொண்டாந்தா இலவசம், கொண்டுபோனா காசா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் டிக்கெட்டைக் கிழித்தார். திண்டுக்கல் வரை இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒட்டன்சத்திரத்தில் கேரளப் பதிவெண் போட்ட லாரிகள் வரிசையாக நின்று மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தன. அங்கே வியாபாரம் டன் கணக்கில். அம்மா தூங்கிவிட்டாள்.

சிங்காநல்லூரில் இறங்கியதும் தங்கை வந்து கூட்டிப்போனாள். மறுநாள் காலை அங்கேயும் ஓர் உழவர் சந்தை. பெரியது, சுத்தமானது, கூட்டம் தாங்காதது. அம்மா பொங்கலுக்குச் சர்க்கரைப் பூசணி கேட்டாள். கடைக்கார அம்மா வெள்ளைப் பூசணியைக் காட்டினார். இல்லை, மஞ்சளாக இருக்குமே என்றால், "அரசாணிக்காய்ன்னு சொல்லுங்க கண்ணு" என்று ஒரு கீற்று அறுத்துக் கொடுத்தார். காப்புக் கட்டப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் இன்னும் இரண்டு நாளில் வரும் என்றார். கொசுறு கொத்தமல்லி, கேட்காமலேயே வந்தது. அம்மாவுக்கு அதில் சுவாரசியம் இல்லாமல் போய்விட்டது.

ஊட்டி, தங்கையின் திட்டம். வேகவைத்த பனங்கிழங்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாக ஏறினோம். இரவு தங்கி, காலையில் தலைக்குந்தா பக்கம் போனோம். புல்வெளி முழுக்க வெள்ளையாக இருந்தது.

"புல்லு மேல யாருடி உப்பக் கொட்டுனது?"

உறைபனி என்றோம். குனிந்து தொட்டுப் பார்த்தாள். விரலில் கரைந்தது. அதற்குப் பிறகு வெகு நேரம் அவள் எதுவும் பேசவில்லை.

உதகை உழவர் சந்தையில் பாதிக் காய்களுக்கு அம்மாவிடம் பெயர் இல்லை. நூக்கோல், டர்னிப், லீக்ஸ், புரோக்கோலி. எல்லாவற்றையும் சேர்த்து 'இங்கிலீஷ் காய்' என்று முடித்துவிட்டாள். அதுவும் சரிதான். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு ஏறியது 1819 ஜனவரியில், இதே குளிரில். சொந்த ஊர்க் குளிர் கிடைத்த சந்தோஷத்தில் அந்த ஊர்க் காய்களையும் கொண்டுவந்து நட்டார். இருநூறு வருடத்தில் அவை மலைக்காரர்களின் பிழைப்பாகிவிட்டன. பனி கடுமையானால் தேயிலை கருகும், உருளைக்கிழங்குச் செடி வதங்கும். மண்ணுக்குள் இருக்கிற கேரட் மட்டும் தப்பிக்கும். தப்பிப்பதோடு நிற்காமல், உறைந்துபோகாமல் இருக்கத் தன் மாவுச்சத்தில் கொஞ்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். சென்னையில் நாம் வருடம் முழுக்க 'ஊட்டி கேரட்' என்று வாங்குவதும் கேரட்தான். ஆனால் ஜனவரியில், பிடுங்கிய அன்றே, அங்கேயே நின்று கடித்தால் அது வேறு.

தலையில் வெள்ளைத் துணி கட்டிய படகர் பெண் ஒருவர் கேரட் குவித்து வைத்திருந்தார். கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றவர், நிறுக்க மட்டும் வெளியே எடுத்தார். விரல்கள் சிவந்திருந்தன. அம்மா அதைப் பார்த்தாள். இரண்டு கிலோ கேரட், அரைக் கிலோ பட்டாணி. காசு கொடுத்தாள். பிறகு பையிலிருந்து துணியை அவிழ்த்து, நாலு பனங்கிழங்கை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இது என்னங்கம்மா?"

"பனங்கிழங்கு. மதுரையில வாங்குனது. இங்க பன மரம் ஏது?"

எப்படித் தின்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மா ஒன்றை வாங்கித் தோலை உரித்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து கொடுத்தாள். அவர் நுனியைக் கடித்தார். மென்றார். நாரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி கடித்தார். மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்ததா என்று கேட்டார். ஆமாம் என்றாள் அம்மா. அவர் ஒரு கை பட்டாணியை அள்ளி எங்கள் கூடையில் போட்டார்.

அம்மா கூடையைத் தூக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, இன்னும் இரண்டு கேரட் எடுக்கக் குனிந்தார்.

"அதுக்கில்லம்மா" என்றாள் அம்மா. "நடுவுல இருக்கிற குருத்தத் தூக்கிப் போட்டுடாத. அதுதான் ருசி."