மூலத்தில் சேர்த்துவிடு

அன்புள்ள தம்பிக்கு,

உன் மெயிலை இரண்டு தடவை படித்தேன். அந்த சி++ ஃபிரேம்வொர்க்கை ஆண்ட்ராய்டில் ஓடவைக்கக் கிளம்பியிருக்கிறாய் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எமுலேட்டரில் ஜன்னல் தெரிந்துவிட்டதாம், மீதியைத் தனி ஃபோர்க்காகவே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்டா. முதல் வாரத்திலிருந்தே மூல ரெப்போவுக்கு அனுப்ப ஆரம்பி. ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், நான் தினமும் வேலைசெய்யும் க்யூட்டி என்ற சி++ ஃபிரேம்வொர்க் ஆண்ட்ராய்டுக்கு வந்த கதை அப்படி.

க்யூட்டி நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனத்தில் பிறந்தது. 2008-இல் நோக்கியா அதை வாங்கியது. மறுவருடம் 4.5 பதிப்பு எல்ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வந்தது. நோக்கியாவுக்கு அப்போது சிம்பியன், மீகோ இயங்குதளங்கள்தான் முக்கியம். போட்டியாளரான ஆண்ட்ராய்டுக்கு அவர்கள் ஏன் உழைக்கப்போகிறார்கள்? 2011 பிப்ரவரியில் விண்டோஸ் போன் பக்கம் போவதாக நோக்கியா அறிவித்தபோது க்யூட்டியை நம்பியிருந்தவர்கள் கலங்கிப்போனார்கள். அதே மாதம்தான் போக்தான் வாத்ரா என்பவர் 'நெசசிட்டாஸ்' என்ற பெயரில் ஆண்ட்ராய்டு போர்ட்டின் முதல் ஆல்ஃபாவை வெளியிட்டார். எந்த நிறுவனமும் அவரிடம் கேட்கவில்லை. உரிமம் இடம் கொடுத்தது, அவருக்கு ஆசை இருந்தது, செய்தார். பிறகு அது கே.டி.இ. திட்டத்தின் குடையின்கீழ் வளர்ந்தது.

அவர் முன்னால் கிடந்த வேலை எப்படிப்பட்டது என்று பார், உனக்கும் அதேதான் காத்திருக்கிறது. டெஸ்க்டாப்பில் நம் நிரல் சொந்த வீட்டுக்காரர், ஆண்ட்ராய்டில் வாடகைக்காரர். முதலில், 'மெயின்' ஃபங்ஷனிலிருந்து தொடங்கும் உரிமையே நமக்கு இல்லை. ஜாவா பக்கம்தான் முதலில் எழுந்திருக்கும். நம் நிரல் ஒரு .எஸ்ஓ கோப்பாக ஏற்றப்பட்டு, ஜேஎன்ஐ வழியாக அழைக்கப்பட்டு, தனி திரெட்டில் தன் 'மெயின்'-ஐ ஓட்டும். ஆக, ஆண்ட்ராய்டின் யுஐ திரெட் ஒன்று, க்யூட்டி தன் முதன்மை திரெட் என்று நினைத்துக்கொண்டிருப்பது இன்னொன்று. ஒன்றின் பதிலுக்கு மற்றொன்று காத்திருந்தால் இரண்டும் அப்படியே உறையும். தொட்டதற்கு 5 விநாடிக்குள் பதில் வராவிட்டால், செயலியை மூடவா என்று ஆண்ட்ராய்டே பயனரைக் கேட்டுவிடும்.

திரையும் நம்முடையது இல்லை. பயனர் வேறு செயலிக்குப் போனால் நாம் வரைந்துகொண்டிருந்த சர்ஃபேஸ் பறிக்கப்படும். அதற்குப் பிறகும் வரைந்தால் கிராஷ். போனைத் திருப்பினால் ஆக்டிவிட்டி முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி உருவாக்குவதுதான் ஆண்ட்ராய்டின் இயல்பு. 'அழிக்காதே, நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று மேனிஃபெஸ்ட்டில் எழுதிவைக்க வேண்டும். ஏபிகே-வுக்குள் இருக்கும் படமும் எழுத்துருவும் ஜிப்புக்குள் இருப்பவை, சாதாரண ஃபைல் போல 'ஓப்பன்' செய்தால் கிடைக்காது. க்யூட்டி அதற்கென்றே 'அசெட்ஸ்' என்று தனிப் பாதை அமைத்தது. சி நூலகமும் நமக்குப் பழகிய ஜிலிப்சி அல்ல, பயானிக். அதில் திரெட்டை வெளியிலிருந்து கேன்சல் செய்யும் வசதி கிடையாது. க்யூட்டியில் திரெட்டை வலுக்கட்டாயமாக நிறுத்தும் ஃபங்ஷன் ஆண்ட்ராய்டில் இன்றும் வேலை செய்யாததற்கு இதுதான் காரணம்.

விசைப்பலகையை மட்டும் கடைசிக்குத் தள்ளாதே. தமிழ் விசைப்பலகையை வைத்தே டெஸ்ட் செய். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையில் ஒவ்வொரு தட்டலுக்கும், அடிக்கோடிட்டு நிற்கும் சொல் முழுதாக நீக்கப்பட்டுப் புதிதாக வைக்கப்படுகிறது. நடுநடுவே 'கர்சருக்கு முன்னால் என்ன இருக்கிறது?' என்று விசைப்பலகை நம் செயலியைக் கேட்கும். கேள்வி ஒரு திரெட்டில் வரும், பதில் இன்னொரு திரெட்டில் இருக்கும். கொடுக்கும் பதில் பழையதாகிவிட்டால் 'வணக்கம்' என்பதில் ஓர் எழுத்து இரட்டிக்கும், இல்லையென்றால் முந்தின சொல்லின் வால் காணாமல் போகும். சொல் கணிப்பை அணைத்துவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் அடித்துப் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. உன் கண்ணில் படும். இந்த வேலைக்கு நீ ஏற்றவன் என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இத்தனையும் ஃபோர்க்கில் செய்தால் என்ன ஆகும்? மூலத்தில் ஒருவர் ஜன்னல் சம்பந்தமான நிரலை மாற்றுவார். உன்னிடம் ஆண்ட்ராய்டு பகுதி இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நீ உட்கார்ந்து மெர்ஜ் செய்துகொண்டே இருப்பாய், புதிதாக எதையும் எழுத நேரம் இருக்காது. க்யூட்டி தப்பித்ததற்கு இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, 'லைட்ஹவுஸ்' என்ற பெயரில் தொடங்கி 4.8-இல் வந்த மாற்றம். திரை, விசை, ஜன்னல் போன்ற இயங்குதள விஷயங்களை அது ஒரு பிளக்-இன்னுக்குள் ஒதுக்கியது. ஆண்ட்ராய்டுக்காக ஃபிரேம்வொர்க் முழுவதையும் கிளறவேண்டிய தேவை அதனால் பெரிதும் குறைந்தது. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 2011 அக்டோபரில் க்யூட்டி புராஜெக்ட் தொடங்கியது, வெளியாட்களின் பேட்ச்சும் உள்ளே இருப்பவர்களின் பேட்ச்சும் ஒரே மறுஆய்வு வரிசையில் நிற்கலாம் என்று ஆனது. உரிமம் நகலெடுக்க மட்டும்தான் அனுமதி தரும். திரும்பக் கொண்டுவந்து சேர்க்க இப்படி ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். 2012 இறுதியில் வாத்ரா தன் போர்ட்டை அங்கே கொடுத்தார். 2013 ஜூலையில் 5.1-இல் முன்னோட்டமாக வந்தது, டிசம்பரில் 5.2-இல் முழு ஆதரவே கிடைத்தது.

ஒரு விஷயம் கைவிடவும் பட்டது. நெசசிட்டாஸ் காலத்தில் 'மினிஸ்ட்ரோ' என்ற தனிச் செயலி க்யூட்டி நூலகங்களை ஒருமுறை இறக்கி எல்லாச் செயலிகளுக்கும் பங்கிட்டுத் தரும். போனில் இடம் குறைவாக இருந்த நாளில் அது அழகான யோசனை. பிற்பாடு அவரவர் நூலகத்தை அவரவர் ஏபிகே-யிலேயே வைப்பது வழக்கமாயிற்று. உன் டிசைனிலும் இப்படிச் சில போகும், வருத்தப்படாதே.

மெர்ஜ் ஆன பிறகும் வேலை இருக்கும். 2019 ஆகஸ்ட்டிலிருந்து 64 பிட் கட்டாயம் என்றது கூகுள் பிளே. 2025 நவம்பரிலிருந்து, ஆண்ட்ராய்டு 15-ஐக் குறிவைக்கும் புதிய செயலிகள் 16 கேபி மெமரிப் பக்கத்திலும் ஓடவேண்டும் என்றது. நீ தேர்வில் மூழ்கியிருக்கும் மாதத்தில் இப்படி ஒன்று வந்தால், மூலத்தில் இருந்தால் வேறொருவர் சரிசெய்வார். ஃபோர்க்கில் இருந்தால் உன் போர்ட் அன்றோடு நின்றுபோகும். நீ ராத்திரி கண்விழித்து எழுதியது அப்படிப் போகக்கூடாது என்பதுதான் என் கவலை.

அதனால் இந்த வாரமே ஒரு சின்ன பேட்ச் அனுப்பு. பில்ட் ஸ்கிரிப்ட்டில் ஆண்ட்ராய்டை ஓர் இலக்காகச் சேர்க்கும் திருத்தம் போதும். ஐயாயிரம் வரியை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினால் யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள். அவர்களுடைய டெஸ்ட்டுகள் எமுலேட்டரில் தானாக ஓட வழிசெய்து தருவதாகவும் அதிலேயே எழுது. லிங்க்கை எனக்கு அனுப்பு, படித்துவிட்டுக் கருத்து எழுதுகிறேன். பொங்கலுக்கு வரும்போது என் பழைய போன் இரண்டையும் கொண்டுவருகிறேன். ஒன்றில் மெமரி ரொம்பக் குறைவு, பின்னணிக்குப் போன செயலியை உடனே கொன்றுவிடும். உனக்கு அதுதான் வேண்டும்.

அன்புடன்,
அக்கா