கல்முனைக் கரையோரத்தில் ஒரு குழந்தை ஆசனம்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டுக் கல்லடிப் பாலத்தைக் கடக்கும் பெருந்தெரு, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி முதலிய ஊர்களைத் தாண்டிப் பெரிய நீலாவணையில் அம்பாறை மாவட்டத்துக்குள் புகுகின்றது. அங்கிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்பதைப் புதியவர் அறிதல் அரிது. கிழக்கே கூப்பிடு தூரத்தில் கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் நெல்வயல்.

பாண்டிருப்பிலே திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பு நடைபெறும். கல்முனைக்குடியிலே கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறும். 1892-ஆம் ஆண்டில் விபுலாநந்த அடிகளைப் பெற்றெடுத்த காரைதீவு இங்கேதான் உள்ளது. கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையும் இங்கேதான். இந்து என்றும் இஸ்லாமியர் என்றும் வழிபாடு வேறுபட்டாலும், பேசும் தமிழும், மணமான மகள் தாய்மனையை அடுத்து வாழும் வழக்கமும், குடிமுறையும் இரு சாராருக்கும் பொதுவானவை.

இத்தகைய நெருக்கமான ஊர்களின் நடுவே ஓடும் தெரு எப்படி இருக்கும் என்பதை நேயர்கள் எளிதில் ஊகிக்கலாம். நெல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒருபுறம். பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் மறுபுறம். குறுக்கே ஓர் ஆட்டோ. அதனை முந்த முயலும் பஸ். காரோட்டுபவர் எந்தக் கணத்திலும் திடீரென்று வண்டியை நிறுத்த நேரிடும். வண்டி நின்றாலும் உள்ளிருப்பவர் உடனே நிற்பதில்லை. வண்டி சென்ற வேகத்திலேயே முன்னோக்கிச் செல்வர். பெரியவர் கைகளால் எதையேனும் பற்றிக்கொள்ள முனைவார். மடியில் இருக்கும் மழலைக்கு அது இயலுமா? எத்துணை வலிய தாயின் கையும் அவ்வேகத்தில் பிள்ளையைப் பிடித்து நிறுத்த வல்லதன்று.

இதனை உணர்ந்தே மேலை நாட்டறிஞர் ஆசனப்பட்டியைக் கண்டனர். இன்று உலகெங்கும் வழங்கும் மும்முனைப் பட்டியைச் சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்னும் பொறியியலாளர் 1959-இல் அமைத்தார். அந்நாட்டு மருத்துவப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர் முதுகைச் சாய்த்துப் பயணம் செய்வதைக் கண்டு, குழந்தையைப் பின்னோக்கி இருத்தும் ஆசனத்தை 1960-களில் உருவாக்கினார். நம் இலங்கையில் ஓட்டுநரும் முன்னிருக்கையில் அமர்பவரும் பட்டி அணிதல் 2011-ஆம் ஆண்டு முதல் கட்டாயமாயிற்று. குழந்தை ஆசனமோ, இக்கரையோரத்தில், பெரும்பாலும் கட்டார், சவூதி முதலிய நாடுகளில் உழைத்துத் திரும்புவோரின் பெட்டிகளோடு வந்து சேருகின்றது. ஆசனம் வருகின்றது, அதன் கைந்நூல் வருவதில்லை. பல வீடுகளில் ஒரு பிள்ளைக்கு வாங்கியது மூன்றாம் பிள்ளைக்கும் பயன்படுகின்றது.

கல்முனைக்குடியில் என் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்தில் விருந்தினனாகத் தங்கியிருந்தபோது, குடும்பத்தினர் அக்கரைப்பற்றுக்கு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டனர். இரண்டு வயது மகளை ஆசனத்தில் இருத்திப் பட்டியை இழுத்தார் மாணவர். ஒரு சாண் வந்தது; அதற்குமேல் அசையவில்லை. தோளில் பட்டி தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டார் ஆளுக்கொரு யோசனை கூறினர். ஊசி குத்தி மடித்துவிடலாம் என்றார் ஒருவர். முடிச்சுப் போடலாம் என்றார் மற்றொருவர். முதுகுக்குப் பின்னால் துவாயை வைத்தால் சரியாகும் என்றார் மூன்றாமவர்.

“போதும் மனே, இறுக்கினா புள்ளைக்கி நோகும்” என்று உம்மம்மா இரக்கத்துடன் தடுத்தார்.

அங்கே மருதமுனையிலிருந்து வந்திருந்த முதிய உறவினர் ஒருவர், நெடுங்காலம் தறியில் இருந்தவர், ஆசனத்தைக் கீழே இறக்கச் சொன்னார். “இழுபடல்ல எண்டா எங்கயோ சிக்கிரிக்கி, சேர். சிக்கைப் பாக்காம இழுத்தா நூல்தான் அறும்” என்றார் என்னை நோக்கி. பாவு நூலின் போக்கை வாழ்நாளெல்லாம் பார்த்த கண்ணுக்கு, நெய்த பட்டியின் போக்கும் விளங்கியது போலும்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. பெரும்பாலான ஆசனங்களின் அமைப்பு இதுதான்: இரு தோள்களின் மேலாக வரும் பட்டிகள் முதுகுப்புறத் துவாரங்களின் வழியே பின்னால் சென்று ஓர் இரும்புத் தகட்டில் மாட்டப்பட்டிருக்கும். அத்தகட்டிலிருந்து ஒற்றைப் பட்டி ஒன்று ஆசனத்தின் அடியாக ஓடிக் குழந்தையின் கால்களுக்கு நடுவே முன்புறம் வெளிவரும். வெளிவருமிடத்தில் பல்லுடைய ஒரு பிடி உண்டு. முன்புறப் பட்டியை இழுத்தால் தோள்பட்டிகள் இறுகும். பிடியின் பொத்தானை அழுத்தினால் தளரும். இவ்வழியில் எங்கே தடை நேர்ந்தாலும் பட்டி இறுகாது.

அன்று ஆசனத்தைக் கவிழ்த்துப் பார்த்தபோது இரு தடைகள் தென்பட்டன. உறை கழுவிய பின் மீண்டும் மாட்டுகையில் ஒரு தோள்பட்டி பின்புறத்தில் முறுக்கிக்கொண்டிருந்தது. பிடியின் பற்களுக்கிடையே கடற்கரை மணலும், உலர்ந்த பாலும் பிசுக்கும் அடைந்திருந்தன. மாலைதோறும் கடற்கரையில் விளையாடி ஈரச் சட்டையோடு காரில் ஏறும் பிள்ளை கொண்டுவரும் மணல் அது. முறுக்கை எடுத்து, மணலை உதறி, மென்மையான தூரிகையால் துடைத்து, ஈரத்துணியால் பட்டியைத் துடைத்தபின், பட்டி தடையின்றி ஓடிற்று. இருபது நிமிடம் தாமதமாயினும் குழந்தை பத்திரமாகப் புறப்பட்டாள்.

இவ்விரண்டேயன்றி வேறு காரணங்களும் உள. தகட்டில் மாட்டிய இரு பட்டிகளின் வளையங்கள் சமமாக இல்லாவிடின் ஒரு தோள் இறுகும், மறுதோள் தளரும். பிள்ளை வளர்ந்த பின்னும் பட்டி பழைய துவாரத்திலேயே இருந்தால் அது சரிவரப் படியாது. பின்னோக்கிய ஆசனத்தில் துவாரம் தோள்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருத்தல் வேண்டும். முன்னோக்கிய ஆசனத்தில் தோள்மட்டத்திலோ சற்று மேலோ இருத்தல் வேண்டும். மேலும், இறுக்குவதற்கும் ஒரு முறை உண்டு. தளர்ச்சி பெரும்பாலும் இடுப்பருகே தங்கிவிடும். ஆகவே முதலில் இடுப்புப் பகுதியிலிருந்து பட்டியைத் தோளை நோக்கி மேலே இழுத்துவிட்டு, அதன்பின் முன்புறப் பட்டியை நேராக இழுக்க வேண்டும்.

இறுகியதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தோளருகே பட்டியை இரு விரல்களால் நெடுக்குவாட்டில் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் அகப்பட்டால் இன்னும் தளர்ச்சி இருக்கின்றது. விரல் வழுக்கினால் போதுமான இறுக்கம். உம்மம்மாவின் அச்சத்துக்கும் இதுவே விடை. சரியாக இறுகிய பட்டி உடலோடு படிந்து கிடக்குமேயன்றிச் சதையில் அழுந்தாது. தளர்ந்த பட்டியோ, வண்டி நின்றபின் குழந்தையைச் சிறிது தூரம் பாயவிட்டு அதன் பிறகே பிடிக்கின்றது. அந்த அடி கடுமையானது. சில வேளைகளில் தோள் முழுதாகவே நழுவிவிடும்.

முதுகுக்குப் பின்னால் துவாய், அடியில் மெத்தை, பெருநாள் சட்டையின் பருத்த அடுக்குகள் ஆகியவை எல்லாம் மோதும் கணத்தில் அமுங்கிப் பட்டியைத் தளர்த்திவிடும். ஊசியும் முடிச்சும் பட்டியின் வலுவைக் கெடுக்கும். பிடிக்கு எண்ணெய் விடுதல் கூடாது. பற்கள் வழுக்கிவிடக் கூடும். பட்டியை வெளிறச் செய்யும் மருந்திலோ காரமான சவர்க்காரத்திலோ ஊறவைத்தல் கூடாது, இழைகள் நலியும். பட்டி அறுந்தோ நைந்தோ போனால், உள்ளூரில் தைப்பித்தல் தகாது. அந்த ஆசனத்துக்கென்றே செய்த பட்டியைப் பெறல் வேண்டும், அன்றேல் ஆசனத்தையே மாற்றுதல் வேண்டும். பெரும் விபத்தொன்றைக் கண்ட ஆசனம் புறத்தோற்றத்தில் நன்றாயிருப்பினும் மீண்டும் பயன்படுத்தத் தக்கதன்று. காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைத்தலாகாது.

குழந்தை ஆசனத்தை முறையாகப் பயன்படுத்தினால் விபத்தில் குழந்தைகளின் மரணம் சுமார் 60 சதவீதம் குறையும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அக்கூற்றில் உயிர்நாடியாக உள்ள சொல் “முறையாக” என்பதே. பெரும் விலை கொடுத்து வாங்கிய ஆசனம், இறுகாத பட்டியோடு வெறும் நாற்காலியாகிவிடுகின்றது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது, இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது இந்த அம்பாறை மாவட்டம். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் அன்று பெற்றோர் பலரின் கைகளிலிருந்து பிள்ளைகளை அலை பறித்துச் சென்றது. எந்தக் கையாலும் தடுக்க இயலாத துயரம் அது. இக்கரையினர் பிள்ளைகளின் அருமையைப் பிறர் சொல்லி அறிய வேண்டியவரல்லர். ஆனால், தெருவில் நேரும் துயரங்களிற் பல அத்தகையன அல்ல. அவற்றைத் தடுக்க இரு விரல்களும் ஒரு நிமிடமும் போதும். கல்யாணத்துக்கோ கந்தூரிக்கோ கோயில் திருவிழாவுக்கோ புறப்படுமுன், பிள்ளையின் தோளருகே பட்டியை ஒருமுறை கிள்ளிப் பார்ப்பதை இவ்வூர்ப் பெற்றோர் வழக்கமாக்கிக்கொள்வார்களாக.