முகத்துக்கு உரியவர்

கமரா ஒன்றைத் தெரிவுசெய்து கொடுப்பது தமிழாசிரியரின் தொழிலன்று. தொல்காப்பியர் அதற்குச் சூத்திரம் செய்யவில்லை. பல்கலைக்கழகத்தில் எமக்குப் பாடஞ் சொன்னவர்களும் அதைக் குறித்துப் பேசியதில்லை. ஆயினும் தோட்டப்புறத்து ஆசிரியரிடம் மனு எழுதுவது முதல் மருந்துச் சீட்டை வாசித்துச் சொல்வது வரை எல்லாமே வந்து சேருகின்றன. அந்த வரிசையிலே கமராவும் வந்தது. ஓப்பநாயக்கவைச் சூழ்ந்த தோட்டங்களுள் ஒன்றிற் பிறந்து, எம்மிடம் படித்து, இப்போது அவிசாவளைப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்யும் பெண்ணொருத்தி, கையிற் சிறிது பணம் சேர்த்துக்கொண்டு வந்து கேட்டாள்: "டீச்சர், எனக்குன்னு ஒரு சின்னக் கமரா வேணும். என்னை நானே படம் எடுத்துப் பாக்கணும். யாருக்கும் காட்டுறதுக்கு இல்ல."

'யாருக்கும் காட்டுவதற்கு இல்லை' என்ற அந்தப் பேச்சு எம்மைச் சிந்திக்க வைத்தது. ஏனெனில், மலையகத் தமிழரின் முகம் இதுகாறும் படமாக்கப்பட்டதெல்லாம் பிறருக்குக் காட்டுவதற்காகவே.

கலை வரலாற்றார் பெரிதும் போற்றும் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணியின் கதை இதற்குச் சான்று. கல்கத்தாவிற் பிறந்த அவருக்கு 1863இல், தமது 48ஆம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அன்று முதல் டெனிசன், டார்வின், ஹெர்ஷல் போன்ற பெரியோரையெல்லாம் அவர் படம் பிடித்தார். அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், 1833இல் இலங்கை நிர்வாகத்தை மாற்றியமைத்த கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் ஒருவர். இங்கே தோட்டங்களுக்கும் உடைமையாளர். 1875இல் குடும்பம் இலங்கையிற் குடியேறியது. 1879இல் அம்மையார் இம்மண்ணிலேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிருந்த காலத்தில் தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தவரையும் அவர் எடுத்த படங்களுட் சில எஞ்சியுள்ளன. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களின் கீழே பெயர்கள் உண்டு. இங்கு எடுத்தவற்றிலே பெரும்பாலும் இனமோ ஊரோ மட்டும் உண்டு. அக்காலத்தில் ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்கவேண்டும். தோட்டக்காரரின் மனைவி கமராவோடு எதிரே நிற்கையில், அசையாதிருப்பதும் ஒரு வேலைதானே!

அவரைக் களுத்துறையிற் சென்று கண்ட ஓவியர் மரியான் நோர்த் தமது நினைவு நூலில் ஒரு செய்தி கூறுகிறார். ஓர் உழைப்பாளியின் முதுகின் அழகில் மயங்கிய கமரன் அம்மையார், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி தம் மகனை வற்புறுத்தினாராம். வீட்டிலே பூந்தோட்டமே இல்லை. அந்த வேலையின் பொருளும் அம்மனிதருக்குத் தெரியாது. நோர்த் இதை வேடிக்கையாக எழுதுகிறார். எமக்கு இது வேடிக்கையாகத் தோன்றவில்லை. முதுகுக்குச் சம்பளம் உண்டு, பெயருக்குப் பதிவேடு இல்லை என்ற ஏற்பாடு தேயிலையிலும் இறப்பரிலும் நாம் நன்கறிந்ததுதான்.

பின்னர் அஞ்சலட்டைக் காலம் வந்தது. கொழும்பிலே 1890இல் தொடங்கிய பிளேட்டே கம்பனி போன்றவை கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்களின் படங்களை அஞ்சலட்டைகளாக்கிக் கப்பற் பயணிகளுக்கு விற்றன. இன்றும் நுவரெலியா வீதிகளிற் காரை நிறுத்திவிட்டு அதே படத்தைப் பிடிப்போர் பலர். எமது சப்பிரகமுவையிற் பால் வெட்டும் பெண்ணுக்கு அந்தத் தொல்லை சற்றுக் குறைவு. இறப்பர் வாளிக்குக் கொழுந்துக் கூடையின் மவுசு இல்லை போலும்.

கம்பனி விற்பதற்காக எடுத்தது போக, அரசு எண்ணுவதற்காக எடுத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று இரு பிரதமர்களும் விட்டுவைத்தனர். ஓப்பநாயக்க வரை ஓடிய களனிவெளிப் புகையிரதத்தில் ஏறி இரத்தினபுரி ஸ்டூடியோவுக்குக் கடவுச்சீட்டுப் படம் எடுக்கப் போனதை எமது தோட்டத்து முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவிசாவளைக்கு அப்பால் அந்தப் பாதை 1970களிற் கைவிடப்பட்டது. தலைமன்னாரிற் கப்பலேறியவர்களும் போய்விட்டனர். பல லயங்களில் தாத்தா பாட்டியின் முகமாக இன்று எஞ்சியிருப்பது அந்தப் படத்தின் மீதிப் பிரதிதான். எவரும் அதிற் சிரிப்பதில்லை. வெளியேற்றத்துக்காக எடுத்த படத்தை மாலையிட்டுக் கும்பிடும்படி ஒரு சமூகத்தை வரலாறு பணித்திருக்கிறது.

ஆனால் இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, தனியாகக் கமரா எதற்கு என்று வாசகர் கேட்பர். நாமும் அதையே அவளிடம் கேட்டோம். அவள் சொன்ன மறுமொழியைச் சுருக்கித் தருகிறோம். 2020இற் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடம் போனில் வரத் தொடங்கியபோது அவர்கள் வீட்டுக்கு முதற் போன் வந்தது. அது வீட்டுக்குப் பொதுவானது. தம்பி அதில் விளையாடுவான். மாமா அதில் செய்தி பார்ப்பார். சுற்றுவட்டாரத்தில் எவரும் வந்து ஒரு அழைப்புக்கு வாங்கிக்கொண்டு போவர். கணக்கைத் திறந்து கொடுத்தவர் போன் விற்ற கடைக்காரர். கடவுச்சொல் அவருக்கும் தெரியும். எடுக்கும் படம் ஒவ்வொன்றும் தானாகவே அந்தக் கணக்குக்கு ஏறிவிடும்படி போன் அமைக்கப்பட்டிருந்தால், கடவுச்சொல் அறிந்தவர் எங்கிருந்தும் அதைப் பார்க்கலாம். வேறொரு தோட்டத்தில், பழுது பார்க்கக் கொடுத்த போனிலிருந்து படங்கள் வெளியேறி, ஒரு மாணவி க.பொ.த. உயர்தரம் எழுதாமலே வீட்டோடு இருந்துவிட்டதை நாம் அறிவோம். அப்படங்களில் வெட்கப்பட ஏதுமில்லை; அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தாள், அவ்வளவே. ஊர் அவளைத்தான் விசாரித்தது, படத்தைத் திருடியவனை அல்ல.

ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கிற் போராடி 2021இலேதான் அதைக் கண்ட மக்களுக்கு, 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாயான பின்னரும் கடன் தீராத மக்களுக்கு, தன்னைத் தானே படமெடுக்கும் ஆசை ஒரு பூர்ஷ்வாச் சொகுசல்லவா என்று தோழர் ஒருவர் எம்மைக் கடிந்தார். அப்படியானால் அந்தச் சொகுசை இதுவரை யார் அனுபவித்தனர் என்று பார்ப்போம். திரிபுரா மன்னர் வீரசந்திர மாணிக்கியர் 1880ஆம் ஆண்டளவில் தம் அரசியோடு அமர்ந்து, கமராவைத் தம் கையாலேயே இயக்கிப் படமெடுத்தார். ஓவியர் அம்ரிதா ஷேர்கில்லின் தந்தை உம்ராவ் சிங், பஞ்சாபின் நிலவுடைமைக் குடும்பத்தவர். தமது உடலையும் முகத்தையும் பல பத்தாண்டுகள் தாமே படம் பிடித்துக்கொண்டிருந்தார். மன்னருக்கு அது கலை, ஜமீன்தாருக்கு அது தத்துவ விசாரணை, லயத்துப் பெண்ணுக்கு மட்டும் அது பகட்டு! 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் ஆறு பேரோடு வளர்ந்தவளுக்குத் தனிமை என்பது சம்பளத்துக்கு அடுத்தபடியான கோரிக்கையன்று. சம்பளத்தோடு சேர்ந்த கோரிக்கை. தோழர் இன்னும் ஒப்பவில்லை.

இனிக் கமராவுக்கு வருவோம். அவளுக்கென நாம் தேடியது மிகச் சாதாரணமானதை. 2010இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கமராக்கள் விற்பனைக்கு வந்தன. 2023இல் அத்தொகை 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆகவே பழைய சின்னக் கமராக்கள் பாவித்தவையாக இன்னும் அகப்படுகின்றன. அவற்றில் வைஃபையும் புளூடூத்தும் இல்லாததே அவளுக்கு ஏற்றது. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து பல கமராக்களில் வைஃபை புகுந்துவிட்டபடியால், அதற்கு முந்தியதைப் பார்ப்பது நலம். கடைக்காரர் குறையென்று சொல்லி விலை குறைப்பதே இங்கு குணம். படம் மெமரி கார்டை விட்டு வெளியே போக வழியிருக்கக் கூடாது. கார்டோ விரல் நகம் இரண்டின் அளவு, அரிசிப் பானைக்குள்ளும் ஒளிக்கலாம்.

தன்னைத் தான் பார்த்துப் படமெடுப்பதற்கு முன்பக்கம் திரும்பும் திரை வசதியானது. சாம்சுங் 2009இல் முன்பக்கத்திலும் ஒரு சிறு திரை பதித்த கமராவை வெளியிட்டது. கேசியோவிடம் சட்டத்தையே சுழற்றும் வகை இருந்தது. ஆனால் அக்கம்பனி 2018இல் இத்தொழிலை விட்டுவிட்டது. அவை கிடைத்தாலும் விலை அதிகம். ஏழைக்கு ஒரு வழி உண்டு. கமராவை அடுக்கி வைத்த பெட்டியின் மேல் வைத்து, அதன் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினால், பின்பக்கத் திரை கண்ணாடியில் தெரியும். பத்து விநாடி டைமர் எல்லாக் கமராவிலும் இருக்கிறது. சில கனன் கமராக்களில், புதிதாக ஒரு முகம் சட்டத்துக்குள் வந்த பின்னரே எடுக்கும் ஏற்பாடும் உண்டு. ஓடி வந்து நிற்பவர்க்கு அது பெரும் உதவி.

இதைவிட முக்கியமானது நிறம். பிலிம் காலத்தில் கொடாக் கம்பனி வண்ணத்தைச் சரிபார்க்க ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய அட்டையில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. 'ஷேர்லி அட்டை' என்பது அதன் பெயர். கருநிற மக்கள் அதனாற் பட்ட குறை கம்பனியின் காதில் விழவில்லை. சொக்லேட் உற்பத்தியாளரும் மரத்தளபாட வியாபாரிகளும் தங்கள் சரக்கின் நிறம் சரியாக விழவில்லை என்று முறையிட்ட பின்னரே அது அசைந்தது. இன்றைய போன்கள் பல, கேளாமலே முகத்தை வெளுக்கச் செய்கின்றன. கமராவிலும் 'பியூட்டி' என்றொரு முறை இருந்தால் அதை அணைத்துவிடச் சொன்னோம். கமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவரின் முன் நின்றால் முகம் மேலும் இருண்டுபோகும். புகைபடிந்த அடுப்படிச் சுவரின் முன் நின்றால் முகம் வெளிறும். முன்னதற்கு ஒளியளவைச் சற்றுக் கூட்டவும் பின்னதற்குக் குறைக்கவும் ஒரு பொத்தான் இருக்கிறது. ஃபிளாஷை நிறுத்தி, காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வாசற்படியருகே நிற்பது எல்லாவற்றிலும் மேல். வாசற்கதவைத் திறந்தால் அடுத்த காம்பராக்காரர் பார்ப்பாரே என்றாள். அதற்குக் கமராக் கம்பனி எதுவும் விடை வைத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோயிலுக்குப் போகும் நேரத்தை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

சிறு விவரங்கள் சில. கடையிற் கிடைக்கும் சாதாரண பென்டோர்ச் பற்றரியில் இயங்குவது தோட்டத்துக்கு நல்லது. தனி வகைப் பற்றரி செத்தால் கமராவும் செத்தது. பழைய ஒலிம்பஸ், ஃபுஜி கமராக்கள் சிலவற்றுக்கு வேண்டிய எக்ஸ்டி கார்ட் இப்போது தேடினாலும் அரிது. எஸ்டி கார்ட் ஏற்பதையே எடுக்கவேண்டும். அதிலும் பழைய கமராக்கள் 2 ஜிபியையோ 32 ஜிபியையோ தாண்டிய கார்டை ஏற்கமாட்டா. படத்தை அழித்தாலும் அது உடனே மறைவதில்லை. பெயர்ப்பட்டியலிலிருந்து நீங்குகிறதே தவிர, வேறு படம் அதன்மேல் எழுதப்படும் வரை மீட்டெடுக்கலாம். ஆதலால் அச்சுப் போடவென்று கார்டைக் கடையிற் கொடுக்கவே கூடாது என்றோம். பல கமராக்களுக்கு உள்நினைவும் உண்டு. விற்கும்போது அதையும் பார்த்துத் துடைக்கவேண்டும்.

கடைசியில் அவள் வாங்கியது எட்டோ பத்தோ ஆண்டு பழைய, மூலையில் நசுங்கிய, திரும்பாத திரையுள்ள ஒரு கமரா. ஒரு கிழமைக் கொழுந்துச் சம்பளத்துக்கு மேல் போயிற்று. அவள் எடுத்த படங்களை நாம் பார்க்கவில்லை, காட்டும்படி கேட்கவுமில்லை. சென்ற மாதம் பஸ்ஸில் எதிர்ப்பட்டவள், முதல் கார்ட் நிறைந்துவிட்டதென்றும் இன்னொன்று எங்கே மலிவாகக் கிடைக்குமென்றும் விசாரித்தாள். இரத்தினபுரியில் இரண்டு கடைகளின் பெயரைச் சொல்லி, பேரம் பேசாமல் வாங்காதே என்றோம்.