முன்னே நின்ற பூச்சியம்

எங்கள் ஊரில் சட்டி பானை சுட்டவர்களிடம் வெப்பமானி இருந்ததில்லை. நெருப்பின் நிறத்தைப் பார்த்தே பதம் அறிந்தார்கள். அந்தக் கண் எனக்கு வாய்க்கவில்லை. ரொறன்ரோவில் மாலைநேர மட்பாண்ட வகுப்பொன்றில் மின்சூளைக்குப் பொறுப்பாயிருந்த எனக்குக் கிடைத்த துணை, கூம்பு.

களிமண்ணும் வேறு கனிமங்களும் சேர்த்துச் செய்த சிறு கூம்பு அது. குறித்த சூடு ஏறியதும் தலை குனியும். எவ்வளவு வெப்பம் என்பதோடு, அதில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதையும் சேர்த்தே காட்டும். 1886இல் பேர்லினில் ஹெர்மன் சேகர் இம்முறையை வகுத்து, கூம்புகளுக்கு 1 முதல் எண்ணிட்டார். பின்னர் இன்னும் குறைந்த வெப்பத்துக்கும் கூம்புகள் தேவைப்பட்டன. 1க்குக் கீழே எண் இல்லாமையால் முன்னே பூச்சியத்தை இட்டார்கள். ஆகவே வட அமெரிக்க ஓட்டன் கூம்புகளிலும் 06 என்றால் ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸ். வெறும் 6 என்றால் 1220 பாகையளவு.

அந்தப் பூச்சியத்தைத்தான் நான் கவனியாது விட்டேன்.

அன்று சூளையில் இருந்தவை செம்மண் பாண்டங்கள். அவற்றுள் ஒன்று, சாவகச்சேரிப் பக்கத்து ஆச்சி ஒருவர் பொங்கலுக்கென்று வனைந்த சிறு முட்டி. மின்சாரத்தை நிறுத்தும் கருவியில் 06க்குப் பதிலாக 6ஐ வைத்துவிட்டு, இரவு வேலைக்குப் போய்விட்டேன். எரியும் சூளையைத் தனியே விட்டுச் சென்றது இரண்டாவது பிழை. அடுத்த நாள் மாலை மூடியைத் திறந்தபோது முட்டி இல்லை. தட்டின்மேல் கபில நிறத்தில் ஏதோ உருகி ஒட்டிக் கிடந்தது.

ஆச்சி அதை நெடுநேரம் பார்த்தார். “ஊரிலையும் சூளை சரியிறதுதான்” என்றார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

இப்போது பார்வைத் துவாரத்துக்கு நேரே 07, 06, 05 என மூன்று கூம்புகளை நிறுத்துகிறேன். முதலாவது சாய்ந்தால் அருகே நிற்கவேண்டும். நடுவிலுள்ளது வளைந்தால் போதும். மூன்றாவது நிமிர்ந்தே இருக்கவேண்டும். கருங்கண்ணாடி அணியாமல் உள்ளே பார்ப்பதில்லை. ஈரம் காயாத பாண்டம் நீராவியால் வெடிக்கும் என்பதால், முதலில் 100 பாகைக்குக் கீழே பல மணிநேரம் வைத்து உலர்த்துகிறேன். ஆறுமுன் திறப்பதுமில்லை, அவசரம் பாண்டத்தைப் பிளக்கும், கையையும் சுடும்.

பழைய சூளையை மலிவாக வாங்கி நிலக்கீழ் அறையில் வைக்க எண்ணுவோர் நம்மவரிடையே உண்டு. மண்ணிலுள்ள சேதனப் பொருள் எரிகையில் காபன் மொனொக்சைட் வெளிவரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. புகையை வெளியே இழுக்கும் குழாயும் அந்த வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவியும் இல்லாமல், பிள்ளைகள் உறங்கும் வீட்டில் அதனை மூட்டாதீர்கள். மின் இணைப்பையும் உரிமம் பெற்றவரே செய்யட்டும்.

ஆச்சி மறுபடி ஒரு முட்டி வனைந்தார். அதை அடுக்கிய அன்று சூளையருகே கதிரை போட்டு அமர்ந்துகொண்டார். நான் கூம்பை எடுத்ததும் கேட்டார்:

“தம்பி, முன்னுக்குச் சைபர் இருக்கோ?”

வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.