மனசுக்குள் ஒரு சீ-சா

"மனசு எப்படி இருக்கு?"ன்னு தமிழில் கேட்டால் டக்கென்று பதில் வரும். பாரமா இருக்கு, வயிறு எரியுது, நெஞ்சை அடைக்குது... எல்லாமே உவமைதான். அதையே கொல்கத்தாவில் ஒரு கவுன்சிலர் ஆங்கிலத்தில் கேட்டபோது "ஓகே"வைத் தாண்டி எனக்கு எதுவும் வரவில்லை :-)

அப்பாவுக்காகத்தான் போயிருந்தேன். ஞாயிறு இரவு போன் வரும். "சாப்ட்டியா? அங்க மழையா? சரி, வெச்சிடறேன்." அம்மா போனபிறகு எங்களுக்குள் மிச்சம் இவ்வளவுதான். "அது எது மாதிரி இருக்கு?" என்றார் கவுன்சிலர். தந்தி மாதிரி என்றேன். "என்ன மாதிரி தந்தி?" வார்த்தைக்கு வார்த்தை காசு, அதனால் சுருக்கம் என்றேன். "அப்படின்னா, அவர் எதை மிச்சம் பிடிக்கிறார்?"

சும்மா வாய்க்கு வந்த கேள்வி இல்லை இது. நியூசிலாந்துக்காரரான டேவிட் குரோவ் 1980களில் உருவாக்கிய முறை கிட்டத்தட்ட இதுதான். வந்தவர் "நெஞ்சில் முடிச்சு" என்றால், "என்ன மாதிரி முடிச்சு?" என்றுதான் கேட்க வேண்டும். ஆலோசகர் தன் உவமையைத் திணித்தால் அது அவர் கதையாகிவிடும்.

கொல்கத்தாவுக்கும் இதில் பழைய சொந்தம் உண்டு. 1922ல் இங்கே இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர் கிரீந்திரசேகர் போஸ். பிராய்டை அவர் நேரில் பார்த்ததே இல்லை, எல்லாம் கடிதம்தான். 1931ல் பிராய்டின் 75வது பிறந்தநாளுக்கு இங்கிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை போனது. அதற்காகப் பிராய்ட் சொன்னதற்கெல்லாம் போஸ் தலையாட்டவில்லை. ஒவ்வொரு ஆசைக்குப் பின்னாலும் அதன் எதிர் ஆசை ஒளிந்திருக்கும், அடிக்க நினைப்பவனுக்குள் அடிபடும் ஆசையும் இருக்கும் என்றார். சிகிச்சைக்கு வந்தவரை இரண்டு இடத்திலும் மாறி மாறித் தன்னை வைத்துப் பார்க்கச் சொல்வார். பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீ-சாவைத்தான் இதற்கு உவமையாக வைத்தார்.

நானும் பலகையின் அந்த முனையில் உட்கார்ந்து பார்த்தேன். அப்பா பிலாயில் தனியாக வேலை பார்த்தவர். டிரங்க் கால் போட்டு மூன்று நிமிடத்துக்குள் அம்மாவிடம் எல்லாவற்றையும் விசாரித்தாக வேண்டும். இன்றைக்கு வாட்ஸப்பில் பேசினாலும் அவர் காதில் மீட்டர் ஓடுகிறது. அவர் மிச்சம் பிடிப்பது அன்பை இல்லை, என் காசை!

இப்போதெல்லாம் அவர் "வெச்சிடறேன்" என்றால், "இது ஃப்ரீப்பா, பேசுங்க" என்கிறேன். போன வாரம் பதினொரு நிமிஷம் பேசினார். முழுக்க முருங்கை மரத்தைப் பற்றி.