பாகுப் பதத்துக்குக் காசு

கழுகுமலையில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு இஆர்பிநெக்ஸ்ட் போட்டுக் கொடுத்தேன். சரக்கு, கூலி, ஜிஎஸ்டி எல்லாம் ஒரே இடத்தில். பில்லில் ‘மென்பொருள் விலை’ என்றும் ஒரு வரி.

ஒரு மாதம் கழித்து அண்ணாச்சி கேட்டார்: “தம்பி, இது நெட்டுல சும்மா கெடைக்குதாமே?”

காசு வாங்கியது சட்டப்படி தப்பில்லை. ஜிபிஎல் உரிமம் விற்பதைத் தடுக்கவில்லை. மூலநிரலையும், மாற்றவும் பகிரவும் உள்ள உரிமையையும் வாங்குபவருக்குக் கொடு என்கிறது. நான் அந்த உரிமையைத்தான் அவரிடம் சொல்லாமல் விட்டிருந்தேன்.

அவர் மேசைமேல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். கடலையும் வெல்லமும்தான், ரகசியம் ஒன்றுமில்லை. பாகுப் பதம் தெரிந்த கைக்குத்தான் காசு. 2020-இல் கிடைத்த புவிசார் குறியீடும் பெயரைத்தான் காக்கிறது. வீட்டில் செய்து தின்ன யாரையும் கேட்க வேண்டாம். இஆர்பிநெக்ஸ்டை உருவாக்கிய மும்பை ஃப்ராப்பே நிறுவனமும் அப்படித்தான். நிரல் எல்லோருக்கும், பெயர் அவர்களுக்கு. வருமானம் சர்வரில் ஏற்றி நடத்தித் தருவதிலும் சப்போர்ட்டிலும் வருகிறது.

பில்லைத் திருத்தினேன். மென்பொருள்: 0. நிறுவல், பயிற்சி, பராமரிப்பு: என் கூலி. மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

“ராத்திரி கூப்பிட்டா போனை எடுப்பேல்ல? அதுக்குத்தான் காசு” என்றார்.

அவர் கணக்கு தீர்ந்தது. நிரலை எழுதியவர்களின் கணக்கு பாக்கி. பெங்களூரு ஜெரோதா 2024-இல் கட்டற்ற மென்பொருளுக்கென ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் அறிவித்தது. என்னால் முடிந்தது, அண்ணாச்சி ஆபீசில் கண்ட ஒரு பிழையைத் திருத்தி அனுப்புவது. அனுப்பியிருக்கிறேன்.